இரண்டு ஞாயிறுகளை விட்டுத்தாருங்கள்: பிரித்தானியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ச் சங்க நிர்வாகிகளே, வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களே, ஆலய அறங்காவலர்களே, பழைய மாணவர் சங்கச் செயலாளர்களே,

வணக்கம்.

இலண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எம்மவர் எந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே கூடுவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள் என்பதால் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே மாத முடிவு வரை இங்கிலாந்தின் நாட்டுப்புறம் நடப்பதற்கென்றே திறந்துவிட்டதுபோல் இருக்கிறது. அதே வாரங்களில்தான் சித்திரைப் புத்தாண்டு விழா, பாடசாலை ஆண்டு விழா, நடன அரங்கேற்றம், கோயில் உற்சவம் என்று எமது ஞாயிறுகள் ஒன்றுவிடாமல் நிரம்பிப்போகின்றன. இவற்றுள் இரண்டே இரண்டு ஞாயிறுகளை நிகழ்ச்சி எதுவும் வைக்காமல் விட்டுத்தந்து, அந்த நாட்களில் உள்ளூர் நடைக்குழுக்கள் ஒழுங்குசெய்யும் நடைகளில் சேர்ந்துகொள்ளும்படி உங்கள் உறுப்பினர்களுக்கு நீங்களே சொல்ல வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

இந்த நடைகள் எப்படி நடக்கின்றன என்பது எம்மில் பலருக்குத் தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1935 இல் தொடங்கப்பட்ட ராம்ப்ளர்ஸ் அமைப்புக்கு நாடெங்கும் உள்ளூர்க் குழுக்கள் இருக்கின்றன. எங்கே கூடுவது, எத்தனை மைல், ஏற்றம் எவ்வளவு, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே நிற்பது என்பதெல்லாம் அவர்களுடைய இணையத்தளத்தில் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. நடையை வழிநடத்துபவர் சம்பளம் வாங்காத தொண்டர். பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே அந்தப் பாதையை ஒருமுறை நடந்து, எங்கே சேறு, எங்கே மரம் விழுந்திருக்கிறது என்று பார்த்து வைத்திருப்பார். புறப்படுமுன் தலைகளை எண்ணுவார். எவரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவரை வரிசையின் கடைசியில் நிறுத்துவார். ஒவ்வொரு படலையையும் அந்தக் கடைசி ஆள் கொளுவிவிட்டு வந்ததைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் முன்னால் நகர்வார். உறுப்பினராகாமலே முதலில் சில நடைகளில் கலந்துகொள்ளலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் நீண்ட காலம் நடக்காமல் இருந்தவர்களுக்கும், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாத, முற்றிலும் இலவசமான நலவாழ்வு நடைகளும் உண்டு.

தாமாகவே போய் நடக்கலாமே, எதற்கு இன்னொருவர் வழிகாட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எம் தலைமுறையைப் பொறுத்தவரை இதற்கு ஒரு தனிக் காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். எம்மில் கணிசமானோர் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும், மண்டையோடு வரைந்த சிவப்பு மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளையும், உயர் பாதுகாப்பு வலயங்களின் முட்கம்பிகளையும் பார்த்தே வளர்ந்தோம். தார் வீதியை விட்டுக் கால் வைக்கக் கூடாது, ஆள் நடமாட்டமில்லாத வளவுக்குள் போகக் கூடாது, முன்னால் போனவரின் தடத்திலேயே நடக்க வேண்டும் என்பவை எங்களுக்கு அறிவுரைகளாக அல்ல, உயிர் காக்கும் விதிகளாகவே கற்பிக்கப்பட்டன. இந்த நாட்டுக்கு வந்து ஆண்டுகள் பல கடந்தும், கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால் உள்ள வயலைப் பார்த்து, "இது ஆருடைய காணியோ, ஏன் வீண் பிரச்சினை" என்று திரும்பிவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தயக்கத்தைத் துண்டுப்பிரசுரம் போக்காது. பாதையை அறிந்த ஒருவர் முன்னால் நடந்து போவதே போக்கும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 225,000 கிலோமீற்றர் நீளமான பொதுவழிகள் இருக்கின்றன. அவற்றுள் மிகப் பல தனியார் வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே செல்கின்றன என்பதும், அவற்றில் நடப்பது நிலவுடைமையாளர் இரங்கித் தரும் அனுமதியல்ல, சட்டம் உறுதிசெய்த உரிமை என்பதும் எம்மவருக்கு எவரும் சொல்லித்தராத செய்தி. வயலை ஊடறுக்கும் நடைபாதையை உழுத விவசாயி, குறிப்பிட்ட நாட்களுக்குள் அதை மீண்டும் நடக்கத்தக்கதாக ஆக்கித்தர வேண்டும் என்றுகூடச் சட்டம் இருக்கிறது. கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்புக்குறி இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும்கூட அனுமதி உண்டு. ஒரேயொரு நடையில் இவை கண்ணுக்குப் பழகிவிடும்.

இந்த உரிமை சும்மா கிடைத்ததுமல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று, வேட்டைக்காகச் செல்வந்தர்கள் அடைத்து வைத்திருந்த, டார்பிஷயரிலுள்ள கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தின் மேல், மான்செஸ்டரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த சில நூறு தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். காவலாட்களுடன் கைகலப்பு ஏற்பட்டது. ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். முன்னின்றவர்களுள் ஒருவரான பென்னி ரொத்மனுக்கு அப்போது வயது இருபது. நான்கு மாதச் சிறை. அவர் ருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதப் பெற்றோரின் பிள்ளை. 1949 ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டத்துக்கும், 2000 ஆம் ஆண்டின் நாட்டுப்புற உரிமைச் சட்டத்துக்கும் பின்னால் இப்படிப்பட்டவர்களின் கால்கள் இருக்கின்றன. நாட்டுப்புறம் வெள்ளைக்காரருடைய இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்று எண்ணும் எம் இளையோர் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்ப் பாடசாலையின் வரலாற்றுப் பாடத்தில் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கினால் தவறில்லை.

"நாங்களும் வருடாவருடம் சுற்றுலா போகிறோமே" என்று நீங்கள் சொல்லக்கூடும். போகிறோம், மறுக்கவில்லை. இரண்டு கோச் வண்டி, ஐம்பது ஐம்பதாக ஆட்கள், கடற்கரையில் பிரியாணிப் பொதி, ஒலிபெருக்கி, இருட்டுமுன் திரும்புதல். அதில் மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் வடமேற்கு இலண்டன் ஹரோவில் ஏறி, ஹரோவையே கூட்டிக்கொண்டு போய், ஹரோவிலேயே வந்து இறங்குகிறோம். நான் கேட்பது வேறு. இருவர் மூவராக, ஒரு குடும்பமாக, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் குழுவில் போய்ச் சேர்ந்துகொள்வது. இருபது பேர் கொண்ட நடையில் எம்மவர் மூவர் இருந்தால், மூன்று மணி நேரத்தில் மீதிப் பதினேழு பேரில் நாலைந்து பேருடனாவது பேச வேண்டிவரும். ஓய்வுபெற்ற ஆசிரியரோ தாதியோ பக்கத்தில் நடந்து வருவார். முகத்தைப் பார்க்காமல், முன்னால் உள்ள பாதையைப் பார்த்துக்கொண்டே பேசுவது ஆங்கிலம் தடக்குகிறவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்பது நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கறுப்பினப் பெண்களும் முஸ்லிம்களும் அண்மை ஆண்டுகளில் தமக்கெனத் தனி நடைக்குழுக்களை அமைத்திருப்பதை அறிவேன். அதன் நியாயத்தையும் உணர்கிறேன். எமக்கென்றும் ஒன்று வரட்டும். ஆனால் அதை நடத்துவதற்கு வரைபடம் வாசிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டுமே, அவர்கள் வேறெங்கே உருவாவார்கள்?

ஒரு விடயம் எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். இளையோருக்கான எடின்பரோ கோமகன் விருதுக்காக எமது பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் முதுகுப்பை சுமந்து, திசைகாட்டி பிடித்து, இரண்டு நாள் இந்த வயல்களுக்கு ஊடாக நடந்து கூடாரத்தில் படுத்தெழும்பி வருகிறார்கள். காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மறுநாள் ஏற்றிவரப் போகும் தாய் தகப்பனுக்கோ பிள்ளை எங்கே நடந்தது என்பதே தெரியாது.

தூரம் ஒரு சாட்டாக முடியாது. எம்மவர் செறிந்து வாழும் ஹரோவிலிருந்து மெட்ரோபொலிடன் சுரங்க ரயில் பாதையில் ஏறினால், முக்கால் மணி நேரத்துக்குள் அதன் ஒரு கிளை செஷமில் போய் முடிகிறது. அங்கிருந்து செஸ் ஆற்றங்கரையோரமாக ரிக்மன்ஸ்வர்த் வரை ஏறத்தாழ பத்து மைல் நடைபாதை. முழுவதையும் நடக்க வேண்டியதில்லை, இடையிலேயே வேறு நிலையங்களுக்குப் பிரிந்துவிடலாம். சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறிவரும் இத்தகைய ஆறுகளில் பெரும்பகுதி உலகிலேயே இங்கிலாந்தில்தான் இருக்கின்றன. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம் போலத் தண்ணீர் தெளிந்திருக்கும். மேலே சிவப்புப் பருந்துகள் வட்டமிடும். இங்கிலாந்திலிருந்து அற்றுப்போயிருந்த அந்தப் பறவையை 1989 இலிருந்து இந்தச் சில்டர்ன்ஸ் குன்றுகளில் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் ஒன்று தெரிகிறது. முதியோருக்கான இலவசப் பயண அட்டை செஷம் வரை செல்லுபடியாகும் என்பதை உங்கள் மூத்தோர் பிரிவுக்கு அறிவித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கிழக்கு இலண்டனில் இருப்பவர்களுக்கு எப்பிங் காடு. தெற்கில் இருப்பவர்களுக்கு பொக்ஸ் ஹில்.

வசந்தகாலத்தை நான் வற்புறுத்துவதற்கு வெயில் மட்டும் காரணமல்ல. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து சில வாரங்களுக்குக் காடுகளின் தரை முழுவதும் புளூபெல் பூக்களால் நீலமாகிவிடும். மரங்கள் இலைவிட்டு நிழல் மூடுமுன் அவசரமாகப் பூத்து முடிக்கும் செடி அது. படம் எடுக்கவென்று பாதையை விட்டு இறங்கி அதை மிதித்தால், அந்த இடம் பழையபடி ஆக ஆண்டுகள் செல்லும். ஈரமான ஓரங்களில் காட்டு உள்ளி வெள்ளையாகப் பூத்து, உள்ளி வாசத்துடன் பரந்து கிடக்கும். அதைக் கண்டதும் எம் பெண்கள் வறை சுண்டலாமா என்று யோசிப்பது இயல்பு. அந்த இலைகளுக்கு நடுவிலேயே, பார்வைக்குச் சற்று ஒத்திருக்கும் நச்சுச் செடியான காட்டுச் சேம்பினத்து இலைகளும் முளைத்திருக்கும் என்பதைச் சொல்லி, குனிந்து இரண்டையும் பிரித்துக் காட்ட அனுபவசாலி ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பசுவும் அப்படித்தான். மாட்டைக் கண்டால் தடவிக்கொடுக்கும் பழக்கம் எமக்கு. ஆனால் கன்றுடன் நிற்கும் பசு இங்கே நடப்பவர்களைத் தாக்கிய சம்பவங்கள் உண்டு, குறிப்பாக நாய் கூட வந்தால். நல்ல வழிகாட்டி கூட்டத்தைக் குறுக்கே கொண்டுபோகாமல் வேலியோரமாகச் சுற்றிக் கூட்டிச்செல்வார். ஆட்டுக்குட்டிகள் பிறந்திருக்கும் வயலில் சத்தமிடாமல் கடப்பதும், வீட்டுக்கு வந்ததும் கால்களிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவரிடமிருந்தே பழகும் வழக்கங்கள்.

உடல்நலம் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்பதை உங்கள் மண்டபங்களிலேயே வைத்தியர்கள் வந்து சொல்லிவிட்டார்கள். சொல்லி முடிந்ததும் நாம் வடையும் கேசரியும் பரிமாறினோம்.

தயக்கங்கள் வேறு சில உண்டு, அவை சிறியவை. நடை பப்பில் முடிகிறதே என்பார்கள்: அங்கே தேநீர் வாங்கிக் குடிப்பவர்களே பாதிப்பேர், சேற்றுச் சப்பாத்தின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு உள்ளே போவதும் அவமானமல்ல, எல்லோரும் செய்வது. நாய்க்குப் பயம் என்றால் முன்கூட்டியே வழிகாட்டியிடம் கேட்டுவிடலாம். உணவு அவரவர் கொண்டுபோவது; புளிச்சாதமும் ரோல்ஸும் எங்கும் மரத்தடியில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு துண்டுக் கடதாசிகூட மிஞ்சக் கூடாது. ஒன்றை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம்: ஜீன்ஸும் கோயிலுக்குப் போடும் சப்பாத்தும் ஏப்ரல் சேற்றுக்கு ஆகாது. கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்தும் மழை புகாத மேலங்கியும் வேண்டும். இதற்கு வசதியில்லாதவர்களுக்காகச் சங்கம் சில சோடிகளை வாங்கி இரவல் கொடுத்தால், பொன்னாடைச் செலவை விடக் குறைவாகவே முடியும்.

ஆகவே, ஏப்ரல் பிற்பகுதியில் ஒன்றும் மே மாதத்தில் ஒன்றுமாக இரண்டு ஞாயிறுகளை வெறுமையாக விடுங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும் வரை கார்களுக்குள் கைத்தொலைபேசியுடன் காத்திருக்கும் பெற்றோருக்கு, பக்கத்திலுள்ள நலவாழ்வு நடையின் விவரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உள்ளூர் நடைக்குழுவின் செயலாளரை ஒருமுறை உங்கள் மண்டபத்துக்கு அழைத்துப் பேசவிடுங்கள். புதியவர்கள் வருவது அவர்களுக்கும் தேவை, ஏனெனில் அந்தக் குழுக்களிலும் தலை நரைத்தவர்களே அதிகம். ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் நாற்பது வயதுக்குட்பட்ட இருவரை, நடை வழிநடத்தும் பயிற்சிக்கு முன்மொழியுங்கள்.

மண்டபங்களுக்கு முற்பணம் கட்டி, ஆண்டு நாட்காட்டியை அச்சுக்குக் கொடுப்பது வழமையாக தை மாதத்தில். அதற்கு முன்னர் நடக்கும் உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இந்த வேண்டுகோளை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துப் பரிசீலிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வடமேற்கு இலண்டனில் வசிக்கும் சங்க உறுப்பினர் ஒருவர்