தொப்பிகளைக் குப்பை என்பது நியாயமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பது பற்றி வந்த கட்டுரையில், "இறந்துபோன மூதாட்டிகளின் தொப்பி, கைப்பை போன்ற குப்பைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள், அவை அந்தக் காலத்துப் பணக்காரப் பெண்களின் ஆடம்பரம்" என்று ஒரு வரி. அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் லூட்டன். தொப்பியால் வளர்ந்த ஊர் இது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இங்குள்ள கால்பந்து அணியை இன்றைக்கும் 'ஹாட்டர்ஸ்', அதாவது தொப்பிக்காரர்கள், என்றுதான் கூப்பிடுகிறார்கள். கார்த் தொழிற்சாலை வருவதற்கு வெகு முன்பே, பெட்ஃபோர்ட்ஷயர் கிராமத்துப் பெண்களும் சின்னப் பிள்ளைகளும் கோதுமை வைக்கோலைக் கீறி, வாயில் வைத்து ஈரமாக்கி, நம் ஊரில் பாய் இழைப்பதுபோல தொப்பிக்காக நாள் முழுக்கப் பின்னிக் கொடுத்தார்கள். அவர்களில் எவர் பணக்காரி?

1990களில் நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். இளம் வயதில் தொப்பித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்த அம்மா ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய அலுமாரியின் மேல்தட்டு முழுக்க வட்டமான அட்டைப் பெட்டிகள். அதில் ஒரு கருநீல ஃபெல்ட் தொப்பியை மட்டும் அடிக்கடி எடுத்துத் தரச் சொல்லுவார். கேத்தலைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியில் தொப்பியை நான் சுற்றிச் சுற்றிப் பிடிக்க வேண்டும். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் ஒரே பக்கமாக அவர் தடவுவார். நசுங்கிக் கிடந்த விளிம்பு அப்படியே எழும்பி வரும். உட்புறத்து ரிப்பன் தலைமயிர் எண்ணெய் பட்டுப் பழுப்பேறியிருக்கும். பக்கவாட்டில் ஊசி குத்திய இரண்டு துளைகள்.

அது அவருடைய கல்யாணத் தொப்பி. இரண்டாம் உலகப் போர்த் தட்டுப்பாட்டால் 1941 ஜூன் முதல் இங்கே உடுப்பு வாங்கக் கூப்பன். சட்டை, சப்பாத்து, காலுறை எல்லாவற்றுக்கும் கூப்பன் வேண்டும், தொப்பிக்கு மட்டும் வேண்டாம். அதனால் இரவல் சட்டையோடு கல்யாணம் செய்த பெண்ணின் தலையில், அவரே வேலை முடிந்த பிறகு இருந்து தைத்த புதுத் தொப்பி. மாப்பிள்ளை போருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. ஒரு புகைப்படம்கூட அவரிடம் இருக்கவில்லை ஐயா, இந்தத் தொப்பி ஒன்றுதான் சாட்சி.

அவர் இறந்து ஒரு கிழமைக்குள் அந்த அறை இன்னொருவருக்குத் தேவைப்பட்டது. பெட்டிகள் எல்லாம் பழைய மெத்தையோடு சேர்த்து வாசலில் நின்ற குப்பைத் தொட்டிக்குள் போயின. நான் கேட்டபோது, "உறவினர் யாருக்கும் வேண்டாமாம், வெறும் தொப்பிதானே" என்றார் பொறுப்பாளர். அதே சொல்லை இத்தனை காலம் கழித்து என் தாய்மொழியில், தங்கள் பத்திரிகையில் வாசிப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

கட்டுரையாளர் இறகுத் தொப்பிகளையும் சாடியிருக்கிறார். கொக்குகளையும் இன்னும் எத்தனையோ பறவைகளையும் இறகுக்காகக் கொன்று குவித்தது கொடுமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை எதிர்த்து முதலில் கிளம்பியவர்களும் பெண்களே என்பதை ஏன் விட்டுவிட்டார்? 1889இல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் அதற்காகத் தொடங்கிய சங்கம்தான் இன்றைக்கு இந்த நாட்டின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்து நிற்கிறது. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் 1921இல்தான் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெண்கள் விடாமல் நின்றிருக்கிறார்கள். பெண்ணின் அலங்காரத்தைக் கண்டிக்க ஒரு பக்கம் ஒதுக்குகிற தாங்கள், அவளுடைய போராட்டத்துக்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாதா? தங்கள் மகளிர் பக்கம் சமையலும் கோலமுமாகவே போகிறது என்று முன்பும் எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவும் இல்லை, பதிலும் இல்லை.

ஜாக்குலின் கென்னடியின் படத்துக்குக் கீழே, அவருடைய கணவரான அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட 1963 நவம்பர் 22 அன்று அவர் அணிந்திருந்த இளஞ்சிவப்புத் தொப்பி "இன்றும் பாதுகாக்கப்படுகிறது" என்று போட்டிருக்கிறீர்கள். பாதுகாக்கப்படுவது உடுப்பு. அது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, 2103 வரை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கமாட்டார்கள். தொப்பி எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. உலகமே பார்த்த தொப்பிக்கே அந்தக் கதி என்றால், லூட்டன் தையல்காரியின் தொப்பிக்கு யார் இருக்கிறார்? நாமும் வீடு வாசலை விட்டு, அம்மாவின் சேலையைக்கூட எடுத்து வர முடியாமல் ஓடி வந்தவர்கள். ஒரு துணியில் என்ன இருக்கும் என்பதை நமக்கு இன்னொருவர் சொல்லித் தரவேண்டியதில்லை.

தயவுசெய்து அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்திப் போடுங்கள். இடமிருந்தால், பழைய தொப்பிகள் கிடைத்தால் எறிவதற்கு முன் உள்ளூர் அருங்காட்சியகத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு வரியும் சேருங்கள். லூட்டனில் வார்டவுன் மாளிகை அருங்காட்சியகத்தில் தொப்பிகளை வைத்துப் பேணுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
லூட்டன்