பாண்டா இன்னும் தப்பிவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பாண்டா கரடி பிழைத்துவிட்டது என்று பலர் நிம்மதியாகப் பேசுகிறார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016-ல் அதன் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்தது உண்மை. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சீனா 2014-ல் முடித்த கணக்கெடுப்பில் காட்டில் இருந்தவை 1,864 மட்டுமே. அவையும் சிச்சுவான், ஷான்சி, கான்சு மலைகளில் 33 கூட்டங்களாகச் சிதறிக் கிடந்தன.

மூங்கில் பூத்தால் பட்டுப்போகும். அப்போது அடுத்த மலைக்குப் போய்த்தான் பாண்டா பசியாற வேண்டும். இடையில் சாலையும் ஊரும் வந்துவிட்டால் எப்படிப் போகும்? 1970-களில் மூங்கில் பட்டபோது ஏராளமான பாண்டாக்கள் பட்டினியால் செத்தன.

உயிரியல் பூங்காவில் குட்டி பிறந்தால் படம் போடுகிறீர்கள், சரி. துண்டுபட்ட காடுகளை இணைக்கும் வேலையைப் பற்றியும் எழுதுங்கள்.

– வாசகர், திருச்சி