பேரனுக்குச் சின்ன ஆபரேஷன்

மேலப்பாளையம்

அன்புள்ள ஜாபர், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வாரம் நீ போன் பண்ணினபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன், கோவிக்காதே. பயப்பட ஒன்றுமில்லை, பேரனுக்குச் சின்ன ஆபரேஷன்.

ஆறு மாசமாகவே பையன் ஒண்ணுக்குப் போனால் நூல் மாதிரிதான் வரும். அதுவும் நேரே விழாது, மேலே எழும்பிச் சுவரில் அடிக்கும். சேட்டை பண்ணுகிறான் என்று அவன் உம்மா திட்டுவாள். அவனோ முடிப்பதற்குள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பான். ஒருநாள் நானே பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

இவனுக்குப் பிறந்த பத்தாம் நாளே சுன்னத் முடிந்துவிட்டது. மூடியிருந்த தோல் போனதும் நுனி டயப்பரில் உரசி உரசிப் புண்ணாகுமாம். ஆறும்போது துவாரத்தின் ஓரம் ஒட்டிச் சுருங்கிவிடும். நின்று போகிற வயசு வந்தால்தான் வெளியே தெரியும். நமக்கெல்லாம் எட்டு வயசில், மாலை போட்டு உட்காரவைத்து ஒஸா வெட்டினாரே, அந்த வயசில் செய்தவர்களுக்கு இது அபூர்வமாம். (அதற்காக ஒஸாவின் கத்தியை மெச்சுகிறேன் என்று நினைக்காதே!)

மயக்கம் கொடுத்து, துவாரத்தின் கீழ்ப்பக்கத்தை இடுக்கியால் சற்று நேரம் நசுக்கிப் பிடித்தார்கள். ரத்தம் ஓடாத அந்தக் கோட்டிலேயே கத்தரித்து விரித்துவிட்டார்கள். சாயங்காலமே வீடு. திரும்ப ஒட்டாமலிருக்கத் தினமும் விரித்துக் களிம்பு தடவ வேண்டும். அந்த வேலை என் தலையில். ஊரே கேட்கக் கத்துகிறான். அன்றைக்கு வந்த இன்னொரு பையனுக்கு வெட்டின இடத்துத் தோல் நுனி மொட்டோடு பாலம் போல ஒட்டி வளர்ந்திருந்தது. அதையும் வெட்டித்தான் பிரித்தார்கள்.

இப்போது உன் விஷயம். மகள் வயிற்றுப் பேரன் பாதிச் சுன்னத் ஆனது போலவே பிறந்திருக்கிறான் என்று உன் வீட்டில் சந்தோஷப்பட்டதாகச் சொன்னாயே, அதை டாக்டரிடம் கேட்டேன். முகம் மாறிவிட்டது. கீழ்ப்பக்கத் தோல் இல்லாமல், துவாரமும் நுனிக்குக் கீழே இருந்தால் அது பிறவிக் குறையாம். அதைச் சரிசெய்ய மேலே மிச்சமிருக்கும் தோல்தான் தேவைப்படும். சுன்னத்தென்று வெட்டி எறிந்துவிட்டால் தைக்கத் துணி இருக்காது. பெரும்பாலும் ஆறு மாசத்துக்கும் ஒன்றரை வயசுக்கும் இடையில் ஆபரேஷன் செய்கிறார்கள். அதிலேயே சுன்னத்தும் முடிந்துபோகும். முதலில் குழந்தைகள் சர்ஜனிடம் காட்டு.

பேரனின் சுன்னத் விருந்துக்கு, அதுதான் மார்க்கக் கல்யாணத்துக்கு, நாள் குறித்துவிட்டாயா? சமையல் பண்டாரிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போகட்டும், நிறுத்து.

உன்
காதர்