உப்பளத்துக் கணக்கரான சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கோபமாகச் சொன்ன "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" இன்னும் காதில் இருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் 30 வருடம் மூட்டைக் கணக்கு எழுதியவரிடம் போய் இதயம் பலவீனம், உப்பைக் குறை என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் பகலில் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, ராத்திரி ஊறுகாய் பாட்டிலைத் திறக்கிறீர்களாமே. சித்தி அழாத குறை.

நானும் அதைச் செய்தவன்தான். 4 வருடத்துக்கு முன்னால் எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் குறைந்து 35 சதவீதம்தான் என்று வந்தபோது, வீட்டில் எனக்கென்று தனிச் சட்டி வைத்தார்கள். தனிக் குழம்பு, தனிப் பொரியல். வெறுத்துப்போய் ஒரு கல்யாணப் பந்தியில் மொத்தத்தையும் தீர்த்துக்கொண்டேன்: மாங்காய் ஊறுகாய், நாலு அப்பளம், மோர் மூன்று டம்ளர். மறுநாள் செருப்பு காலில் நுழையவில்லை. அடுத்த ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தே விடிந்தது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தால் இரண்டரை கிலோ கூடியிருந்தது. இரண்டு நாளில் யாருக்கும் அவ்வளவு சதை போடாது, எல்லாம் தண்ணீர். உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கும் என்பது மழைக்காலத்தில் மூட்டை கசிவதைப் பார்த்த உங்களுக்குத் தெரியாததா? பலவீனமான இதயத்தால் அதைத் தள்ள முடியாமல் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் நோயில்லாத பெரியவர்களுக்கும் சொல்லும் அளவு. எங்கள் வீட்டில் நாலு பேர். 1 கிலோ பாக்கெட் 25 நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 10 கிராம்! இப்போது 50 நாள் தாண்டுகிறது. தனிச் சட்டி போய், எல்லோருக்கும் ஒரே குழம்பு.

சித்தி காலையிலேயே அன்றைய உப்பைச் சின்ன டப்பாவில் அளந்துவிட்டு, ஜாடியைப் பரண் மேல் ஏற்றிவிடட்டும். சோற்றுக்கு உப்பு வேண்டாம். பொரியலுக்கு இறக்கும்போது மேலாகத் தூவினால் கொஞ்சமே நாக்குக்குப் போதும். புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு தாராளமாகச் சேரலாம். எனக்கு நாக்கு பழக ஆறு வாரம் பிடித்தது. இப்போது ஓட்டல் சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை.

பாக்கெட் கணக்கில் வராத உப்பு வேறு இருக்கிறது. அப்பளம் (உப்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சோடியம் அப்பளக்காரத்திலும் உண்டு), மோர் மிளகாய், பிரெட், அப்புறம் உங்கள் கருவாடு. பச்சைச் சாளை கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு கருவாடு எதற்கு? சாளையில் இருப்பது இதயத்துக்கு நல்ல கொழுப்பு, பொரிக்காமல் குழம்பு வையுங்கள். மாக்கரூனில் உப்பு சேர்ப்பதில்லை. முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை, அவ்வளவுதான். சர்க்கரை வியாதி இல்லாத நீங்கள் மாதம் இரண்டு தின்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வாங்கித் தந்த இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், நிறம் மட்டும் வேறு. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பது இன்னும் வில்லங்கம். அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். நமக்குத் தரும் மாத்திரைகளில் சில ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்துபவை, இரண்டும் சேர்ந்தால் அது மிஞ்சிவிடும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். இளநீருக்கும் அதே பேச்சுதான்.

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த ஒன்றரை லிட்டரில் காபி, ரசம், மோர், கஞ்சி எல்லாம் அடக்கம். இது புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வைப்பேன். காபி குடித்தால் அந்த அளவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். தொண்டை வறண்டால் வாய் கொப்பளிப்பேன், இல்லையென்றால் ஒரு துண்டு நெல்லிக்காய்.

எடை இயந்திரம் பார்சலில் வருகிறது. எழுந்ததும் ஒன்றுக்குப் போய்விட்டு, காபிக்கு முன்னால் ஏறி நில்லுங்கள். பழைய பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கித் தேதி போட்டு எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் எனக்குப் போன் செய்ய வேண்டாம், நேராக டாக்டருக்குச் செய்யுங்கள். ஏறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சண்டை போடலாம்.

உங்கள் அண்ணன் மகன்