அம்மிணிக்கு, லே போகும் முன்

அன்புள்ள அம்மிணி,

லடாக்கில் இருக்கும் லேவுக்குப் போகச் சாமான் ஏற்றின பைக்கோடு நின்று நீ அனுப்பிய போட்டோவை அம்மாவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் உன் முகத்தைப் பார்த்துவிட்டு "இளைச்சுப் போயிட்டா" என்றாள். என் கண் நேராக சைலன்சர் பக்கம் போனது. வலது பையின் அடிவார் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குகிறது. காற்றில் ஆடி சைலன்சரில் பட்டால் உருகிவிடும். சக்கரத்தில் சுற்றினால் பையையே பிடுங்கிவிடும். மிச்ச வாரைச் சுருட்டி ரப்பர் வளையம் போடு. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஜம்மு வரைக்கும் லாரி கொண்டுபோனவன். நீ கிளம்புகிற மணாலியையும் போய்ச் சேருகிற லேவையும் பார்த்ததில்லை. ஆனால் ஏற்றின பாரம் வழியில் என்னென்ன செய்யும் என்பதை முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன்.

கூட வருகிறவர்கள் எல்லாரும் பைக்கின் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டுகிறார்கள், நானும் துணிப்பையை விட்டுப் பெட்டிக்கு மாறட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் கண்ணு. பெட்டிக்குப் பூட்டு உண்டு, மழை இறங்காது, ஹைவேயில் தங்கித் தங்கிப் போகிறவர்களுக்கு நல்லதுதான். நீ போவது பனி உருகி ரோட்டின் குறுக்கே ஓடுகிற பாதை. அங்கே உருண்டைக் கல்லில் வண்டி ஒரு தடவையாவது சாயும். கால் ஊன்றும்போது பின்னாலிருந்து பெட்டி வந்து கணுக்காலை அமுக்கும். பட்டறைக்கு வருகிற பையன் ஒருவன் இமயமலைப் பக்கம் ஸ்பிட்டியில் அப்படித்தான் மாட்டி மூன்று மாதம் கட்டுப் போட்டுக் கிடந்தான். துணிப்பை நசுங்கிக் கொடுக்கும், கால் தப்பும். கிழிந்தாலும் எந்த ஊரிலும் ஒரு செருப்புத் தைக்கிறவர் தைத்துத் தருவார். பைக்குப் பூட்டு இல்லை என்பது உண்மை. பணம், ஆர்சி, லைசென்ஸ் எல்லாம் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டுகிற டேங்க் பேக்கில் இருக்கட்டும், இறங்கும்போது அது உன்னோடு இறங்கட்டும்.

ஆனால் பைக்கின் பக்கவாட்டில் பை சாய மாட்டுகிற கம்பி, சேடில் ஸ்டே, அது இல்லாமல் பையைத் தொங்கவிடாதே. அந்தக் கம்பிதான் பையைச் சக்கரத்தில் இருந்தும் சூட்டில் இருந்தும் தள்ளி வைக்கிறது. உன் ஹிமாலயன் பைக்கில் சைலன்சர் வலது பக்கம் மேலே ஏறி நிற்பதால், வலது பை இடதைவிட வெளியே தள்ளித்தான் உட்காரும். கொடுமுடியில் இருந்து தீர்த்தக் காவடி தூக்கிவந்தவர்களைக் கேள், தோளில் இருந்து தள்ளித் தொங்குகிற குடம்தான் இழுக்கும் என்பார்கள். ஆகவே இரண்டு பையிலும் சமமாகப் போடாமல் வலதில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குறைத்துப் போடு. ஸ்பேனர், டியூப், பம்ப் மாதிரி கனமானதெல்லாம் பையின் அடியில், சீட்டை ஒட்டின முன்பக்கம். துணிமணி மேலே.

போட்டோவில் எனக்குப் பிடிக்காதது சீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிற டெயில் பேக்தான். கூடாரம், தூங்கும் பை, அதற்கு மேல் இரண்டு பெட்ரோல் கேன். இது பின்பாரம். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். பைக்கில் முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில் ஆடும், ஹெட்லைட் எதிரில் வருகிறவன் கண்ணில் அடிக்கும். மணாலிக்கு அப்புறம் வருகிற தாண்டி என்ற ஊரில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்று போர்டு இருக்கிறது என்றாய். பாரத்தோடு ஏறும்போது லிட்டருக்கு 25 என்று குறைத்தே வைத்துக்கொள். 17 லிட்டர் டேங்குக்கு 425 வருகிறது. அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டால் ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதும். அதையும் கழுத்து வரை நிரப்பாதே, பெட்ரோல் விரிய இடம் வேண்டும். வழியில் ஏற வேண்டிய தாங்லாங் லா கணவாய் 5,328 மீட்டர். அந்த உயரத்துக்கு ஏறினால் சிப்ஸ் பாக்கெட் கூட பலூன் மாதிரி உப்பும், கேனும் உப்பும். மூடியை மெதுவாகத் திற.

உன்னிடம் சொல்லாத ஒன்றையும் எழுதுகிறேன். 1996இல் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர் கிளம்பினேன். என்னைப் பழக்கிய பெரியவர், "முதல் இருபது கிலோமீட்டரில் நிறுத்திக் கயிறை இழு. மூட்டை அமுங்கி உட்கார்ந்ததும் கயிறு இளகும்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர். அன்றைக்கு மழை, நேரமாகிவிட்டது, நான் நிறுத்தவில்லை. தொப்பூர் ஏற்றத்தில் மேல்வரிசை பின்னால் சரிந்தது. இறங்கிப் பார்த்தால் லைட் வெளிச்சத்தில் ரோடு முழுக்க வெள்ளையாக ஜவ்வரிசி, மழையில் ஊறி வழவழவென்று. பின்னால் டூவீலர் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல ராத்திரி தூங்காமல் யோசித்திருக்கிறேன். அப்போது நீ அம்மா வயிற்றில் இருந்தாய்.

அதனால் கிளம்பின இருபதாவது கிலோமீட்டரில் நிறுத்து. ஒவ்வொரு வாரையும் கையால் இழுத்துப் பார். கொக்கி வைத்த ரப்பர் கயிறை மட்டும் நம்பாதே, அது குழியில் துள்ளும்போது நீண்டு கொடுக்கும், கொக்கி தெறித்தால் முகத்தில் அடிக்கும். பக்கிள் வைத்த நாடா வார் வாங்கு. உள்ளே ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போடு. சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு சின்ன மரப்பலகை எடுத்துக்கொள். மண் இளகினால் இத்தனை பாரத்தோடு வண்டி சாய்ந்துவிடும், ஒற்றை ஆளாகத் தூக்குவது கஷ்டம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வா. பைகளை அரிசிக்கடைத் தராசில் வைத்துப் பார்ப்போம். பின் ஷாக்கில் பாரத்துக்குத் தக்கபடி ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கம், கூட்டித் தருகிறேன், டயர் காற்றையும் பார்க்கிறேன். சனிக்கிழமை விடிகாலை காரவள்ளியில் இருந்து முழு லோடோடு கொல்லிமலை ஏறு. எழுபது கொண்டை ஊசி வளைவு. லே போகிற வழியில் கட்டா லூப்ஸில் இருபத்தொன்றுதான். நான் முதல் பஸ்ஸில் மேலே போய் சோளக்காட்டில் நிற்கிறேன். நீ வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்னால் நான் வாரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா