முன்சக்கரம் சொல்வது

கிருஷ்ணகிரி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மாங்கூழ் ஆலைக்குப் போகிற வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, மற்றபடி புதுசாக ஒன்றுமில்லை.

உன் அக்கா மகன் ஆறு வருஷம் கழித்து மறுபடியும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் எல்ஜிபி ரேஸ் கார் ஓட்டப்போகிறான் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். "ஃபார்முலா ஒன் ரேஸில் ஏழு பட்டம் வாங்கின ஷூமாக்கரே 41 வயசில் திரும்பி வந்து தோற்றுப்போனார், இவன் எம்மாத்திரம்" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். அந்த வரியோடுதான் எனக்கு வழக்கு.

வயசுதான் காரணம் என்றால், 2010-இல் திணறியவர் 2012-இல் 43 வயசில் மொனாக்கோ தகுதிச்சுற்றில் எல்லாரையும்விட வேகமாக ஓட்டியிருக்க முடியாது. (முந்தைய ரேஸில் புரூனோ சென்னாவை இடித்ததற்காக கிளம்பும் வரிசையில் ஐந்து இடம் பின்னால் தள்ளிவிட்டார்கள், அது வேறு கதை.) அதே வருஷம் வலென்சியாவில் மூன்றாவதாகவும் வந்தார்.

2010-இல் நடந்தது வேறு. பிரிட்ஜ்ஸ்டோன் முன் டயரின் அகலத்தை 270 மில்லிமீட்டரிலிருந்து 245-க்குக் குறைத்தது. பின் டயரில் கை வைக்கவில்லை. ரேஸ் நடுவில் பெட்ரோல் நிரப்புவதும் அந்த வருஷம் நின்றுபோனதால், ஏறக்குறைய 160 கிலோ எரிபொருளைச் சுமந்துகொண்டுதான் கிளம்பணும். ஷூமாக்கர் பிரேக்கை முழுசாக விடாமல் வளைவுக்குள் போவார். எடை முன்சக்கரத்தில் அழுந்தி இருக்கும்போதே வண்டியைத் திருப்புவார். பின்பக்கம் கொஞ்சம் நழுவினால் அவருக்குக் கவலையே இல்லை. முன் டயர் மெலிந்ததும் இந்த வித்தைக்கு ஆதாரமே போச்சு. திருப்பினால் மூக்கு வெளியே ஓடும். இன்னும் திருப்பினால் டயர் வழுக்கிச் சூடேறி, இருக்கிற பிடியும் போகும். பார்சிலோனா ரேஸுக்கு அவருடைய மெர்சிடிஸ் டீம் வீல்பேஸை, அதாவது முன் பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை, நீட்டிக் கொடுத்தது, அங்கே நாலாவது வந்தார். ஆனாலும் வருஷக் கடைசியில் அதே டீமின் ராஸ்பெர்க் 142 புள்ளி, இவர் 72.

ஃபெராரியில் இருந்த காலமென்றால் அவர்களுடைய சொந்த டிராக்கான ஃபியோரானோவில் நாள் கணக்காக ஓட்டியே இதைச் சரிபண்ணியிருப்பார். சீசன் நடுவே சோதனை ஓட்டத்தை 2009-லேயே தடை பண்ணிவிட்டார்கள். சீசனுக்கு முன்னால் கிடைத்தது 15 நாள். அதையும் ரெண்டு டிரைவர் ஒரே காரில் பங்கு போட்டுக்கொள்ளணும்.

விட்டுவிட்டுத் திரும்பி வந்த இன்னொரு சாம்பியன் லவுடாவைப் பார். 1979-இல் விட்டுப்போனவர், 1981-இல் டோனிங்டனில் மெக்லாரனை ஓட்டிப் பார்த்துவிட்டு 1982-இல் வந்தார். மூன்றாவது ரேஸிலேயே லாங் பீச்சில் ஜெயித்தார். 1984-இல் தகுதிச்சுற்றில் அதே டீமின் பிராஸ்ட் அவரைவிட வேகம். லவுடாவுக்கு ஒரு போல்கூட (தகுதிச்சுற்றில் முதலிடம்) இல்லை. ஆனால் 220 லிட்டருக்குள் ரேஸை முடித்தாகணும் என்ற விதி நிதானக்காரனுக்குத் தோதானது. 72-க்கு 71.5, அரைப் புள்ளியில் பட்டம் அவருக்கு. அலான்ஸோவோ ஃபார்முலா ஒன்னை விட்ட ரெண்டு வருஷமும் லெ மான், டக்கார் ரேஸ்கள் என்று ஸ்டீயரிங்கை விடவே இல்லை. திரும்பி வந்து 2023-இல் எட்டு முறை முதல் மூன்று இடத்துக்குள் முடித்து மேடை ஏறினார்.

ஆக, உன் மருமகன் கவனிக்க வேண்டியது முன்சக்கரம் கைக்குச் சொல்லும் சேதியைத்தான். அதைக் கெடுப்பது பெரும்பாலும் காரில் உட்காரும் சீட்டு. ஆறு வருஷத்தில் உடம்பு மாறியிருக்கும், பழைய சீட்டு வார்ப்பு ஆகாது. இரட்டைக் கலவை ஃபோமைத் தடித்த பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் காருக்குள் வைத்து, ரேஸ் சூட், ஷூ, ஹெல்மெட்டோடு அதன்மேல் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, அது இறுகும்வரை அசையாமல் இருக்கணும். சூடாகும், பயப்பட வேண்டாம். ஃபோம் உப்பும்போது ஆளைத் தூக்கிவிடும். தோளைப் பிடித்து அழுத்த ஒருத்தர் பக்கத்தில் வேணும். இடுப்புப் பக்கம் இடைவெளி விட்டால் வளைவில் உடம்பு சாயும். சாயாமல் இருக்க ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குவான். அப்புறம் டயர் என்ன சொன்னாலும் கைக்கு எட்டாது.

பிரேக் ஆயிலும் புதுசா என்று டீமிடம் கேட்கட்டும். டாட் 4 ரக ஆயில் புதுசில் குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் குடித்துவிட்டால் 155-லேயே கொதிக்கலாம். பெடல் பஞ்சாகிவிடும். தொப்பூர் கணவாயில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் கார்களுக்கு நடப்பதுதான்.

முதல் நாள் லேப் டைமே பார்க்கக் கூடாது. தேய்ந்த டயரில் ஓட்டட்டும். உள்ளே வந்ததும் சூடாக இருக்கும்போதே காற்றழுத்தத்தை அளந்து எழுதட்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். ரெண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கழுத்துக்கு இப்போதிருந்தே பயிற்சி வேணும், ஆனால் அடிபட்ட கழுத்தென்றால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. 2009-இல் அடிபட்ட மாஸாவுக்குப் பதிலாக ஃபெராரி கூப்பிட்டும் ஷூமாக்கரால் போக முடியாததற்கு, அந்தப் பிப்ரவரியில் பைக்கிலிருந்து விழுந்த கழுத்துக் காயம்தான் காரணம்.

அவனுடைய பழைய பெல்ட் இன்னும் இருக்கிறதா? உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ முத்திரை போட்ட பெல்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருஷம். லேபிளிலேயே எதுவரை செல்லும் என்று போட்டிருக்கும். அதையும் ஹெல்மெட் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல். பார்த்துவிட்டு என்னென்ன புதுசு வாங்கணும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்