சாய்ந்து நிற்கும் சதுரத்துக்கும் இடம் கொடுங்கள்

பள்ளிக் கணிதப் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கும், அவற்றுக்குப் படம் வரைந்து தருவோருக்கும் வணக்கம்.

வகுப்பறையில் வடிவியல் நடத்தும் ஆசிரியர் என்ற உரிமையோடு இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே. ஒரு சொல்லுக்கு ஒரே படம், அதுவும் எப்போதும் ஒரே நிலையில் நிற்கும் படம் என்ற வழக்கத்தைக் கைவிடுங்கள். வரையறை சொல்லாத எதையும் படம் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது.

இப்போது நடப்பதைப் பாருங்கள். சதுரம் என்றால் அடிப்பக்கம் தரையில் படிந்தபடி இருக்கும். முக்கோணத்துக்கு உச்சி மேலே, அடிப்பக்கம் படுக்கைவாட்டில். இணைகோடுகள் என்றால் ஒரே நீளத்தில் இரண்டு படுக்கைக் கோடுகள். இவற்றில் எதுவுமே பிழையான படம் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் இவற்றையே பார்த்து வளரும் பிள்ளை, தரையில் படிந்து நிற்பதையும் சதுரத்தின் பண்பாகவே எடுத்துக்கொள்கிறது. அட்டையில் வெட்டிய ஒரு சதுரத்தை அதன் கண்ணெதிரே 45 பாகை திருப்பிக் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். "சாய்சதுரம்" என்ற பதில் அடிக்கடி வரும். அதைத் தவறு என்று அடித்துவிடவும் முடியாது; நான்கு பக்கங்களும் சமமாக இருப்பதால் ஒவ்வொரு சதுரமும் சாய்சதுரம்தான். "அப்படியானால் இது இன்னும் சதுரமா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கும்போதுதான் சிக்கல் வெளியே வருகிறது. இல்லை என்று தலையாட்டுவார்கள். பக்கம் மாறவில்லை, கோணம் மாறவில்லை, அட்டைகூட அதேதான். அப்படியிருந்தும் பிள்ளையின் மனதில் சதுரம் காணாமல் போய்விட்டது.

இதைப் பிள்ளையின் கவனக்குறைவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதியர் பியரும் டீனாவும் 1957-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடுகள் இதைப் பற்றித்தான் பேசின. முதலில் உருவத்தை முழுத் தோற்றமாகப் பார்த்துப் பெயர் சொல்வது. பிறகு அதன் பண்புகளைக் காண்பது. அதற்குப் பிறகே ஒரு பண்பிலிருந்து இன்னொன்று பிறப்பதையும், சதுரம் செவ்வகத்துக்குள் அடங்குவதையும் உணர்வது என்று வடிவியல் சிந்தனை படிப்படியாக வளர்கிறது என்றார்கள். வேறு வேறு படிகளில் நிற்கும் ஆசிரியரும் மாணவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினாலும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு எட்டாது என்பதும் அவர்கள் சுட்டிக்காட்டியதே. இன்னொன்று, உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது: அடுத்த படிக்கு ஏற்றுவது வயதைவிடக் கற்பித்தல்தான். அப்படியானால் பாடநூலுக்கு இதில் பெரும் பொறுப்பு இருக்கிறது.

மிக அதிகமான சேதத்தை நான் பார்ப்பது குத்துயரத்தில். வழக்கமான படத்தில் உச்சியிலிருந்து ஒரு புள்ளிக்கோடு நேராக இறங்கி, அடிப்பக்கத்தின் நடுவில் எங்கோ விழுகிறது. ஆகவே குத்துயரம் முக்கோணத்தின் உள்ளே இருக்கும், மேலிருந்து கீழே வரும் என்று இரண்டு தவறான விதிகள் சத்தமில்லாமல் பதிந்துவிடுகின்றன. இப்போது விரிகோண முக்கோணம் ஒன்றை வரையுங்கள். 4 செ.மீ. நீளத்தில் அடிப்பக்கம் ஆஇ. அதை இ என்ற முனைக்கு அப்பால் 3 செ.மீ. நீட்டி, அந்த இடத்தில் செங்குத்தாக 4 செ.மீ. எழுப்பினால் கிடைக்கும் புள்ளி அ. அஆ, அஇ இரண்டையும் இணைத்தால் முக்கோணம் தயார். அஇ-யின் நீளம் சரியாக 5 செ.மீ. இதன் பரப்பளவைக் கேட்டால் விடைத்தாள்களில் என்ன வருகிறது? சிலர் உள்ளே இறங்கும் கோடு கிடைக்காமல் 5 செ.மீ. பக்கத்தையே உயரமாக எடுத்து 10 என்று எழுதுகிறார்கள். சிலர் நீட்டிய பகுதியையும் அடிப்பக்கத்தோடு சேர்த்து 7-ஐ 4-ஆல் பெருக்கிப் பாதியாக்கி 14 என்கிறார்கள். சரியான விடை 8 சதுர செ.மீ. இரு தரப்பாருக்குமே சூத்திரம் மனப்பாடம்; ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. உச்சியிலிருந்து எதிர்ப்பக்கம் அமைந்த கோட்டுக்கு வரையும் செங்குத்துதான் குத்துயரம், அந்தக் கோடு பக்கத்தையும் தாண்டி நீளும் என்ற செய்தி மட்டும் அவர்களை வந்து சேரவில்லை. சேர்த்திருக்க வேண்டிய படம் பாடத்தின் கடைசியில், "மேலும் அறிவோம்" பெட்டிக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் குத்துயரங்கள் மூன்று உண்டு என்பதையும், விரிகோண முக்கோணத்தில் அவற்றில் இரண்டு வெளியேதான் விழும் என்பதையும் முதல் பக்கத்திலேயே வரைந்து காட்டினால் என்ன?

இணைகரத்திலும் இதே கதைதான். பக்கங்கள் 8, 5, நீளம் 8 உள்ள பக்கத்துக்கு உரிய உயரம் 4 என்றால் பரப்பளவு 32. பக்கங்களைப் பெருக்கி 40 என்று எழுதுபவர்கள் ஏராளம். நான்கு குச்சிகளை முனைகளில் இணைத்து, செவ்வகமாக நிமிர்த்தி, மெல்லச் சாய்த்துக் காட்டினால் பக்கங்கள் அப்படியே இருக்க, பரப்பளவு குறைந்துகொண்டே போவது தெரியும். மூன்று நிலைகளில் மூன்று படம் போதும்.

கோணத்துக்கு வருகிறேன். கோணம் என்பது ஒரு கதிரிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு திரும்புகிறோம் என்பதன் அளவு. நூல்களில் குறுங்கோணத்தைக் குட்டையான கதிர்களோடும் விரிகோணத்தை நீண்ட கதிர்களோடும் வரைந்திருப்பதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். கதிர் நீண்டால் கோணமும் பெரிதாகும் என்று நம்பும் பிள்ளைக்கு அந்தப் படம் சாட்சி சொல்கிறது. நீண்ட கதிர்களோடு 30 பாகையையும், குட்டைக் கதிர்களோடு 120 பாகையையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். கோணமானியில் உள்ளும் வெளியுமாக எதிர்த்திசைகளில் ஓடும் இரண்டு அளவுவரிசைகள் இருப்பதால், 50 பாகையை 130 என்று படித்துவிடுவது சாதாரணம். அளப்பதற்கு முன்பே "இது குறுங்கோணமா, விரிகோணமா?" என்று ஒரு வரியில் எழுதச் சொல்லும் பயிற்சி இருந்தால், தவறான எண்ணை மாணவரே பிடித்துவிடுவார். அப்போது குறுங்கோணம் என்ற சொல்லுக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

வரையறைகள் பற்றியும் சொல்ல வேண்டும். கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்கக் கணிதர் யூக்ளிட், 'எலிமெண்ட்ஸ்' என்ற தம் வடிவியல் தொகுப்பின் முதல் நூலை 23 வரையறைகளோடு தொடங்கினார். அவற்றில் சதுரத்தைச் செவ்வகத்திலிருந்து பிரித்தே வைத்தார். அவருடைய செவ்வகத்துக்குப் பக்கங்கள் எல்லாம் சமமாக இருக்கக் கூடாது. இன்று நாம் சதுரத்தைச் செவ்வகத்தின் ஒரு வகையாகக் கொள்கிறோம். காரணம் எளிது: இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடும் என்று ஒருமுறை நிறுவிவிட்டால், செவ்வகம், சாய்சதுரம், சதுரம் மூன்றுக்கும் தனித்தனியே நிறுவ வேண்டியதில்லை. இந்தக் காரணத்தை மாணவரிடம் சொல்லுங்கள். சரிவகத்துக்கு ஒரு சோடி இணைப்பக்கங்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்பாரும் உண்டு, குறைந்தது ஒரு சோடி இருந்தால் போதும் என்பாரும் உண்டு. நீங்கள் எதைக் கொள்கிறீர்கள் என்பதை வெளிப்படையாக எழுதி, நூல் முழுவதும் அதையே பின்பற்றுங்கள். வரையறை என்பது யோசித்து எடுக்கும் முடிவு என்று பதினொரு வயதிலேயே தெரிந்துகொள்வதில் தவறில்லை.

புள்ளியை மட்டும் "மிகச் சிறிய பொட்டு" என்று வரையறுக்க வேண்டாம். பொட்டுக்கு அகலம் உண்டு, புள்ளிக்கு இல்லை. 1899-இல் ஜெர்மானியக் கணிதர் டேவிட் ஹில்பர்ட் வடிவியலின் அடிப்படைகளைத் திருத்தி அமைத்தபோது புள்ளி, கோடு, தளம் ஆகியவற்றை வரையறுக்காமலேயே தொடங்கினார். தாளில் வைக்கும் பொட்டு புள்ளியைக் குறிக்கும் அடையாளம் என்று சொன்னாலே போதும்.

பயிற்சிக் கேள்விகளில் ஒரு பங்கை வரைதலுக்கு ஒதுக்குங்கள் என்பது என் இறுதி வேண்டுகோள். "செவ்வகம், சாய்சதுரம் இரண்டும் அல்லாத இணைகரம் ஒன்று வரைக." "மூலைவிட்டங்கள் சமமாக இருந்தும் செவ்வகமாக இல்லாத நாற்கரம் ஒன்று வரைக." இரண்டாவதற்கு இருசமபக்கச் சரிவகம் ஒரு விடை, அதுவல்லாத விடைகளும் உண்டு. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் பாதியை நீக்கினாலே இவற்றுக்கு இடம் கிடைத்துவிடும். திருத்துவோருக்கு வேலை கூடும் என்பது எனக்குத் தெரியும், நானும் திருத்துபவன்தான். அந்த வேலையை விரும்பியே கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்